கோலாலம்பூரில் எந்த வேலை எத்தனை மணிக்கு? புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து வேலை தேடி வருகிறவரானாலும் சரி, விசா கிடைத்துச் சென்னையிலிருந்து வந்து இறங்குகிறவரானாலும் சரி, கோலாலம்பூரில் முதல் மாதம் படுத்தி எடுப்பது நேரம்தான். ஒரே அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் நள்ளிரவு தாண்டியதும் செலாயாங் மொத்தச் சந்தைக்கு வண்டி எடுப்பார். எதிர்வீட்டுப் பெண் இரவு 9 மணிக்குத்தான் வேலைக்கே கிளம்புவார். மேல்வீட்டுத் துணிக்கடைக்காரர் காலை 9 மணிக்குப் பொறுமையாகப் பசியாறிக்கொண்டிருப்பார். மூவரும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

பலர் முதலில் அறை பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வேலை நேரத்தை அப்புறம்தான் விசாரிக்கிறார்கள். ரயில் ஓடாத நேரத்தில் தொடங்கும் வேலைக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய அறையைக் கூடுதல் வாடகைக்கு எடுத்து என்ன பயன்? வேலையின் நேரம் முதலில், அறை அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையை வைத்துத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. இங்கே பொழுது தாமதமாகத்தான் விடியும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கின் நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. அதனால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் எழுகிறது. காலை 6.30க்கு ஜன்னலைத் திறந்தால் இருட்டு. அந்த இருட்டிலேயே சீருடையோடு பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வெளிச்சம் வந்ததும் எழுந்துகொள்ளலாம் என்று பழகியவர் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: சேரும் முன் சரியாகக் கேளுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உணவுக் கடைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"வேலை எத்தனை மணிக்கு அண்ணே?"

"கடை ஏழு மணிக்குத் திறக்கும் தம்பி."

தம்பி மறுநாள் சரியாக 7 மணிக்கு வந்து நிற்பார். அண்ணன் முகம் கடுகடு என்று இருக்கும். கடை 7 மணிக்குத் திறக்கிறது என்றால் அதற்குள் சாம்பார் இறங்கியிருக்க வேண்டும், சட்னி அரைத்திருக்க வேண்டும், தோசைக்கல் காய்ந்திருக்க வேண்டும். சமையல்கட்டு ஆள் 5.30க்கே உள்ளே இருக்க வேண்டும். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டது ஒன்று, சொன்னது வேறு ஒன்று.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: நான் எத்தனை மணிக்கு பஞ்ச் பண்ண வேண்டும்? எத்தனை மணிக்கு வெளியே போகலாம்? நேரம் நிலையானதா, ஷிப்ட் மாறுமா? மாறுமென்றால் ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் கைக்கு வரும்? சனிக்கிழமை முழு நாளா, அரை நாளா, விடுமுறையா?

இன்னொரு கேள்வியும் முக்கியம், ஆனால் கேட்கத் தயங்குவார்கள். "பதினைந்து நிமிஷம் முன்னாடி வந்துடுங்க, பிரீஃபிங் இருக்கு" என்று பல இடங்களில் சொல்வார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் வேலை நேரத்தில் சேருமா? நாளுக்கு 15 நிமிடம் என்றால் 26 நாள் வேலை செய்கிற மாதத்தில் ஆறரை மணி நேரம். பணிவாகக் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அந்த வேலை யாருக்காக நடக்கிறது என்று பாருங்கள்

தொடக்க நேரத்தை முதலாளி மனம்போலத் தீர்மானிப்பதில்லை. எதிர்முனையில் இருப்பவர் யாரோ அவருடைய நேரம்தான் உங்கள் நேரம். மார்க்கெட்காரருக்குக் காலையில் காய்கறி வாங்கும் சில்லறைக் கடைக்காரர், செவிலியருக்கு நோயாளி, கால் சென்டர் ஊழியருக்கு சிட்னியிலோ லண்டனிலோ போனை எடுப்பவர். இதைப் பிடித்துக்கொண்டால் நான் இங்கே சொல்லாத துறைக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

விடிவதற்கு முன் தொடங்குபவை முதலில். செலாயாங்கில் இருக்கும் கோலாலம்பூர் மொத்தச் சந்தை இரவில்தான் உயிரோடு இருக்கும். கேமரன் மலையிலிருந்து வரும் காய்கறி லாரிகளை இறக்குவது, பிரிப்பது, சில்லறை வியாபாரிகளுக்கு ஏற்றிவிடுவது எல்லாம் ஊர் தூங்கும் நேரத்து வேலை. விடிந்தபின் போனால் கழுவிவிட்ட தரையும் முட்டைக்கோஸ் இலையும்தான் மிச்சம். புடு, சௌகிட் போன்ற சில்லறைச் சந்தைகள் அதற்குச் சற்றுப் பின்னால், விடியற்காலையில். இந்த வேலைகளுக்கு மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது, அல்லது பக்கத்திலேயே தங்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடைகளில் ஒரே நேரம் என்று கிடையாது, அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பசியாற வருகிற கூட்டத்துக்குத் தோசை, ரொட்டி சானாய் போடுகிறவர் விடியலில் தொடங்குவார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மதியச் சமையல்காரர் 8 மணி வாக்கில் வருவார், ஏனென்றால் 11.30க்கெல்லாம் இலை போட்டாக வேண்டும். பரிமாறுகிறவர் 10 மணிக்கு வந்தால் போதும். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் 24 மணி நேர மாமாக் கடைகளில் காலை 7, இரவு 7 என்று ஆள் மாறுவது சகஜம். ரொட்டி மாஸ்டருக்கு இரவு ஷிப்டில்தான் கை ஓயாது, பந்தாட்டம் இருக்கும் இரவுகளில் கேட்கவே வேண்டாம். டீ, காபி என்று தண்ணி கலக்குகிறவருக்குக் காலையும் இரவும் ஒன்றுதான்.

சில கடைகளில் நாளை இரண்டாக உடைப்பார்கள். காலை 7 முதல் 11 வரை வேலை, பிறகு வீட்டுக்குப் போய்விட்டு மாலை 5 மணிக்குத் திரும்ப வர வேண்டும். காகிதத்தில் 8 மணி நேரம்தான். ஆனால் நாள் முழுக்க அந்தக் கடைக்கே எழுதிவைத்தது போல் ஆகிவிடும். நடுவில் கிடைக்கும் ஓய்வில் தூங்க அறை பக்கத்தில் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். சட்டமும் இதில் ஒன்று சொல்கிறது, கீழே வருகிறேன்.

செக்யூரிட்டி வேலை பெரும்பாலும் காலை 7 முதல் இரவு 7, அல்லது இரவு 7 முதல் காலை 7. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் இடத்தை விட்டு நகர முடியாது. உங்களை விடுவிக்க வருகிறவர் தாமதமானால் நீங்களும் தாமதம். துப்புரவு வேலையில் அலுவலக ஆட்கள் வருமுன் தரை காய்ந்திருக்க வேண்டும் என்பதால் காலை 6.30, 7 மணிக்கே ஆரம்பம்.

அரசு மருத்துவமனைகளில் செவிலியர் ஷிப்ட் வழக்கமாகக் காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 9, இரவு 9 முதல் காலை 7. தனியார் மருத்துவமனைகளில் நேரம் கொஞ்சம் மாறும், மூன்று ஷிப்ட் மாறாது. பள்ளிகள் காலை 7.30ஐ ஒட்டித் தொடங்குகின்றன, பிற்பகல் அணி உள்ள பள்ளிகளில் மதியம் 1 மணியை ஒட்டி. பள்ளியில் ஆசிரியரோ கேன்டீன்காரரோ வேன் ஓட்டுநரோ, யாரானாலும் உங்கள் நாள் 6 மணிக்கு முன்னால் தொடங்கிவிடும். டியூஷன் சென்டர்கள் இதற்கு நேர் எதிர், பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகுதான் அங்கே விளக்கு எரியும்.

அரசு அலுவலகங்களில் ஊழியர்கள் 7.30க்கும் 9க்கும் இடையில் வந்து, வந்த நேரத்துக்கு ஏற்றபடி கிளம்புவார்கள். 7.30க்கு வந்தவர் 4.30க்கு எழுந்துவிடுவார். கவுண்டர்கள் வழக்கமாக 8 முதல் 5. வெள்ளிக்கிழமை மதியம் 12.15 முதல் 2.45 வரை தொழுகைக்கான இடைவேளை, அந்த நேரத்தில் பத்திரம் புதுப்பிக்க, பெர்மிட் விசாரிக்கப் போனால் நாற்காலியோடுதான் பேச வேண்டும்.

வங்கிக் கிளைகள் வாடிக்கையாளருக்கு 9.15, 9.30 மணி வாக்கில் கதவு திறக்கும். உள்ளே வேலை செய்கிறவர்கள் அதற்கு அரை மணிக்கும் மேல் முன்னால் வந்து பணப்பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் வர்த்தகம் 9 மணிக்குத் தொடங்குவதால் தரகு நிறுவனங்களில் 8.30க்கே ஆள் வேண்டும். சாதாரணத் தனியார் அலுவலகங்கள் 8.30 முதல் 5.30, அல்லது 9 முதல் 6. ஐடி நிறுவனங்கள் பலவற்றில் 10 மணிக்கு வந்தாலும் யாரும் கேட்பதில்லை, வாரத்தில் ஓரிரு நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் "நேரம் உங்கள் விருப்பம்" என்று சொல்கிற இடத்தில் இரவு 10 மணிக்கு மீட்டிங் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நேர விருப்பம் சில சமயம் அவர்களுக்கு மட்டும்தான்.

கால் சென்டர், வெளிநாட்டு நிறுவனங்களுக்கான கணக்கு, சம்பளப் பட்டியல், தொழில்நுட்ப உதவி: பங்சார் சவுத், கேஎல் சென்ட்ரல், சைபர்ஜெயா எல்லாம் இந்த வேலைகளால் நிறைந்தவை. புதிதாகப் படித்து முடித்து வரும் நம் பிள்ளைகளில் பலர் முதலில் சேருவதும் இங்கேதான். இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

சிட்னி கோலாலம்பூரைவிட 2 மணி நேரம் முன்னே. அங்கே காலை 9 என்றால் இங்கே 7. ஆனால் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், அப்போது உங்களுக்கு 6 மணி. பிரிஸ்பேன் வாடிக்கையாளர் என்றால் இந்த மாற்றம் கிடையாது, ஆண்டு முழுக்க 7தான். பெர்த் என்றால் அதிர்ஷ்டம், நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம். லண்டன் காலை 9 என்றால் இங்கே மாலை 5, அவர்களுடைய கோடையில் மாலை 4. அந்த ஷிப்ட் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். நியூயார்க் காலை 9 என்றால் இங்கே இரவு 10, கோடையில் இரவு 9. இதற்குப் பெயரே கல்லறை ஷிப்ட். இந்தியக் கிளையோடு வேலை என்றால் இரண்டரை மணி வித்தியாசம், அவர்களுடைய 9 மணி நமக்கு 11.30.

ஆகவே "ஆஸ்திரேலியா டீம்" என்று சொன்னால் போதாது, எந்த ஊர் என்று கேளுங்கள். ஏப்ரலில் சேர்ந்தவர் 7 மணி ஷிப்ட் என்று நம்பி எல்எர்டி நகர ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்துவிடுவார். அக்டோபரில் ஷிப்ட் 6க்கு நகர்ந்துவிடும். முதல் ரயிலே 6 மணி வாக்கில்தான். அப்புறம் தினமும் கிராப் வாடகைக் கார்தான். நிறுவனம் வேன் விடுமா, விடியற்காலைப் போக்குவரத்துப் படி உண்டா, இரவு ஷிப்டுக்குத் தனிப்படி எவ்வளவு, இதையெல்லாம் சம்பளத்தோடு சேர்த்துப் பேசிவிட வேண்டும். படியே இல்லாத 6 மணி ஷிப்டைவிடச் சம்பளம் சற்றுக் குறைந்த 9 மணி வேலை கையில் அதிகம் மிச்சம் வைக்கலாம்.

கடைகள், மால்கள் பக்கம் நேரம் தாராளம். பேரங்காடிகள் காலை 10 முதல் இரவு 10. முதல் அணி 9.30க்கு, இரண்டாம் அணி மதியம் 12, 1 மணிக்கு வந்து கடை சாத்தும்வரை இருக்கும். சாத்திய பிறகு கணக்குப் பார்த்து வெளியே வர 10.30 ஆகலாம், கடைசி ரயில் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மஸ்ஜித் இந்தியாவின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் 10 மணியை ஒட்டித்தான் ஷட்டரைத் தூக்குகின்றன. முடிதிருத்தும் கடைகளும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் சனி ஞாயிறில் உட்கார நேரம் கிடைக்காது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்தக் கடைகளுக்கெல்லாம் தொடக்க நேரம் தெரியும், முடியும் நேரம் தெரியாது.

கட்டுமானத் தளங்கள் 8 மணி, ஆனால் 7.30க்கே வரிசையில் நிறுத்திப் பாதுகாப்புப் பேச்சு இருக்கும். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் (சிஐடிபி) தரும் பச்சை அட்டை இல்லாமல் தளத்துக்குள் விடமாட்டார்கள். ஷா ஆலம், கிள்ளான் பக்கத் தொழிற்சாலைகளில் 12 மணி நேர இரண்டு ஷிப்ட் அல்லது 8 மணி நேர மூன்று ஷிப்ட். தொழிற்சாலை பஸ் உங்கள் வீட்டுப் பக்கம் வருகிற நேரம்தான் உங்களுக்கு உண்மையான தொடக்க நேரம். விமான நிலைய வேலை இன்னும் ஒரு படி மேலே. கேஎல்ஐஏ நகரத்தில் இல்லை, சிப்பாங்கில் இருக்கிறது. விடியற்காலை விமானங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் 3, 4 மணிக்கே உள்ளே இருக்க வேண்டும், நகரத்துக்குள் அறை எடுத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

மூன்றாம் படி: பின்னாலிருந்து எண்ணுங்கள்

அறை பார்க்கப் போகும் முன் ஒரு தாளை எடுத்து வேலை நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். பத்துமலைப் பக்கம் வாடகை மலிவு என்று அறை பார்க்கிறீர்கள், வேலை பங்சார் சவுத்தில், 8.30க்கு என்று வைத்துக்கொள்வோம்.

8.30க்கு நாற்காலியில் இருக்க 8.15க்குக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும், காலை நேரத்து லிஃப்ட் வரிசை அப்படி. கெரிஞ்சி எல்எர்டி நிலையத்திலிருந்து நடை 10 நிமிடம், ஆக 8.05க்கு அங்கே இறங்க வேண்டும். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலிலிருந்து இறங்கி, மேலே ஏறி, கூட்டத்தில் ஒரு எல்எர்டியை விட்டு அடுத்ததில் ஏறுவதற்கும் பயணத்துக்குமாக 25 நிமிடம். ஆக 7.40க்கு கேஎல் சென்ட்ரல். பத்துமலையிலிருந்து கொமுட்டர் ஏறக்குறைய அரை மணி, எனவே 7.10 வாக்கில் ரயில். கொமுட்டர் எல்எர்டி மாதிரி சில நிமிடத்துக்கு ஒன்று வராது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அதனால் பழகியவர்கள் அதற்கு முந்திய ரயிலைத்தான் கணக்கில் வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் 6.40 வாக்கில் வரும் ரயிலுக்கு 6.25க்கு வீட்டைப் பூட்டியாக வேண்டும்.

அப்படியானால் 8.30 மணி வேலை உங்களுக்கு 6.25 மணி வேலை. இதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் பத்துமலையில் தாராளமாக இருங்கள். முடியாதென்றால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எல்எர்டி பாதையிலேயே ஓர் அறை பாருங்கள்.

ரயில் மாறும் இடங்களைத்தான் புதியவர்கள் குறைத்து எடைபோடுவார்கள். வரைபடத்தில் கேஎல் சென்ட்ரல் ஒரே புள்ளி. நேரில் போனால் மோனோரயிலுக்கு மால் பக்கமாக ஒரு நடை, எம்ஆர்டி மெட்ரோ ரயிலுக்கு மியூசியம் நெகாரா நிலையம் வரை நீண்ட நடைபாதை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். மலேசியக் குடிமக்கள் மாதம் 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) மை50 அட்டை வாங்கினால் ரேப்பிட் கேஎல்லின் ரயில், பஸ் எல்லாவற்றிலும் 30 நாள் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். கொமுட்டர் அதில் சேராது. வெளிநாட்டவருக்கும் அந்தச் சலுகை இல்லை.

மோட்டாரில் போகிறவருக்கு நேரம் பாதியாகும், மழை வராத வரை. இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் கொட்டும். 5 மணிக்கு வேலை முடிகிறவர் மேம்பாலத்துக்கு அடியில் நூறு மோட்டார்களோடு நிற்பது சாதாரணக் காட்சி. இரண்டாம் வேலை, மாலை வகுப்பு என்று ஏதாவது வைத்திருந்தால் அந்த அரை மணி நேரத்தையும் கணக்கில் எடுங்கள்.

வேலைக்குச் சேரும் முன் ஒரு வார நாளில், அதே நேரத்தில், அதே வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து "இருபது நிமிஷம்தான்" என்று சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் வேறு ஊர்.

நான்காம் படி: சட்டம் என்ன சொல்கிறது

நீளமாக வேண்டாம், தேவையானதை மட்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம், முன்பு 48 இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். மேலே சொன்ன உடைத்த ஷிப்டுக்கு வருவோம்: ஒரு நாளின் வேலை, நடு ஓய்வையும் சேர்த்து, 10 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது பொது விதி. காலை 7க்குத் தொடங்கி இரவு 9க்கு முடிகிற நாள் அதில் அடங்காது.

ஷிப்ட் வேலைக்குத் தனி விதி. ஒரு நாளில் 8 மணி தாண்டலாம், ஆனால் மூன்று வாரச் சராசரி 45ஐத் தாண்டக் கூடாது, எந்த நாளிலும் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 12 மணி நேர ஷிப்ட் வைத்திருக்கும் தொழிற்சாலைகள் மாற்றி மாற்றி விடுமுறை நாள் கொடுப்பது இதனால்தான். ஓவர்டைம் வழக்கமான நாளில் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவருக்குச் சட்டப்படி இந்த ஓவர்டைம் உரிமை கிடையாது, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. 4,200 வெள்ளி என்று ஆசை காட்டி இரவு 8 வரை உட்காரவைக்கும் இடங்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள்.

பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், வயதான அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று நேர மாற்றம் தேவைப்பட்டால் எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

பெர்மிட்டில் வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலை ஷிப்ட் 3 மணிக்கு முடிகிறதே என்று மாலையில் வேறு கடைக்குப் போகாதீர்கள். பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. சோதனையில் பிடிபட்டால் அந்தக் கடைக்காரர் உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்.

தினமும் வந்த நேரமும் போன நேரமும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவையுங்கள், பஞ்ச் கார்டைப் போட்டோ எடுத்துவையுங்கள். சம்பளத்தில் குறை என்றால் முதலில் மேனேஜரிடம் பேசுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, 'ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ்' செயலியிலும் புகார் செய்யலாம்.

ஐந்தாம் படி: வீட்டு நேரத்தையும் மாற்றுங்கள்

இரவு ஷிப்டில் சேர்ந்தால் அறைத் தோழரின் நேரம் முக்கியம். பகலில் தூங்குகிறவரும் பகலில் டிவி போடுகிறவரும் ஒரே அறையில் ஒரு மாதம் தாங்க மாட்டார்கள். கேஎல் வெயிலுக்குத் தடித்த திரையும் மின்விசிறியும் இல்லாமல் பகல் தூக்கம் வராது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, இந்த ஊரில் விடியற்காலை 3 மணிக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரும் கிடைக்கும். அதையே தினமும் சாப்பிட்டால் ஆறு மாதத்தில் பேன்ட் இறுகிவிடும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்குப் போன் பண்ண வேண்டுமென்றால் இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்கு ரயிலில் போகும்போது அம்மாவைக் கூப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே 4.30. இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 6.30, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம்.

நோன்பு மாதத்தில் ஊர் முழுக்க நேரம் மாறும். பல அலுவலகங்கள் மதிய இடைவேளையைச் சுருக்கி அரை மணி முன்னதாக விடும். நோன்பு திறக்க வீட்டுக்குப் போகிறவர்களால் 4.30 முதலே சாலைகள் அடைத்துக்கொள்ளும். மாலை ஷிப்டுக்குப் போகிறவர் அந்த மாதம் முழுக்க அரை மணி முன்னால் கிளம்ப வேண்டும்.

கடைசியாக விடுமுறை. சட்டப்படி ஆண்டுக்குச் சம்பளத்தோடு 11 பொது விடுமுறை. அதில் 5 கட்டாயம்: தேசிய நாள், மலேசிய நாள், தொழிலாளர் நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது, கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசங்களில், கூட்டரசுப் பிரதேச நாள். மீதி 6ஐ முதலாளி தேர்ந்தெடுத்து அறிவிப்பார். தீபாவளி அநேகமாக இருக்கும். தைப்பூசம் உங்கள் கம்பெனிப் பட்டியலில் இருக்கிறதா என்று சேரும்போதே பாருங்கள், காவடி எடுக்கிறவர் ஜனவரியில் போய் லீவு கேட்டால் கிடைக்காது. மாதம் 4,000 வெள்ளிக்குள் வாங்குகிறவரைப் பொது விடுமுறையில் வேலைக்கு வரச் சொன்னால் அன்றைய விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் இரண்டு நாள் கூலி சேர வேண்டும். வீடு கோலாலம்பூரில் இருந்து அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தால் அது சிலாங்கூர், அங்கே பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச நாளுக்கு விடுமுறை கிடையாது, டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாளுக்குத்தான் உண்டு. ஒப்பந்தத்தில் வேலை இடமாக எந்த முகவரி எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் பார்த்துவிடுங்கள்.